காட்டு வேலைக்குச் சம்பளம் கேட்கலாம்

கல்லூரி விழா, வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டம், யூடியூப் நேர்காணல், எதுவாக இருந்தாலும் சரி. காட்டுயிர்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வருகிறவர் தவறாமல் ஒன்று சொல்வார்: "இதை ஒரு வேலையாகப் பார்க்காதீர்கள். பணத்தை நினைக்கிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். காட்டின் மேல் தீராத காதல் இருந்தால் மட்டும் வாருங்கள்." அரங்கம் கைதட்டும். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "மாசம் எவ்வளவு சார் கிடைக்கும்?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த அரங்கில் இந்தத் துறையைப் பற்றி உருப்படியாக யோசித்த ஒரே ஆள் அவன்தான் என்று நான் நினைக்கிறேன்.

மேடைப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் அது இவ்வளவு நாள் செல்லுபடியாகிறது. மழைக்காட்டில் அட்டைக்கடியோடு நாள் முழுக்க நடப்பதும், யானை லத்தியைப் பிரித்து விதை பொறுக்கி எண்ணுவதும், தானியங்கி கேமராவில் பதிவான ஆயிரக்கணக்கான படங்களில் காற்றில் ஆடிய புல்லை ஒதுக்கிவிட்டுச் சிறுத்தையைத் தேடுவதும் ஆர்வம் இல்லாதவரால் ஆகாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீயணைப்பு நிலையத்தில் இருப்பவருக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்கும் இதே மன உறுதி வேண்டும். அவர்களிடம் போய், "உயிர்கள் மேல் அன்பு இருந்தால் சம்பளத்தைப் பற்றிப் பேசாதே" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் சங்கத்தைக் கூட்டிவிடுவார்கள். காட்டுயிர்த் துறையில் மட்டும் இது ஞானவாக்காக ஓடுகிறது.

இந்தப் பேச்சுக்குச் சான்றாக எடுத்துக் காட்டப்படும் முன்னோர்களின் வரலாற்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். சாலிம் அலி பறவைகளுக்காகவே வாழ்ந்தார் என்பார்கள். வாழ்ந்தார்தான். ஜெர்மனியில் பயிற்சி முடித்து 1930-ல் திரும்பியபோது பம்பாய் அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பதவியே எடுக்கப்பட்டிருந்தது. பிறகு, சம்பளம் வேண்டாம், செலவை ஏற்றுக்கொண்டால் போதும் என்று சொல்லிச் சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். அவர் வளர்ந்தது பம்பாயின் வசதியான தியாப்ஜி குடும்பத்தில். வேலை போனதும் அடுத்த வேளைச் சோறு எங்கே என்ற கேள்வி அங்கே எழவில்லை. அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. சம்பளமில்லாத உழைப்பை அந்தக் குடும்பம் தாங்கிக்கொண்டது என்பதை விட்டுவிட்டுக் கதை சொல்லக் கூடாது.

நம் பக்கத்திலும் பாருங்கள். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். அதை விட்ட பிறகு எழுத்தும் புகைப்படமும் ஓவியமும்தான் அவருக்குப் பிழைப்பு. ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-ல் தொடங்கிய பத்தியை 1996-ல் இறக்கும்வரை எழுதினார். பத்திரிகை அதற்குப் பணம் கொடுத்தது. தமிழில் சூழலியல் எழுத்துக்குப் பெரும்பங்கு ஆற்றியிருக்கும் சு. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர். நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசி அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். அந்தப் பின்னணியிலிருந்துதான் 1976-ல் பந்திப்பூர்ச் செந்நாய்களைப் பின்தொடரப் போனார். சுதந்திரமாகத் திரியும் ஒரு பெரிய பாலூட்டியை இந்தியர் ஒருவரே களத்தில் இருந்து முறையாக ஆராய்ந்த முன்னோடி ஆய்வு அது. பிறகு 1985 முதல் இருபது ஆண்டுகள் டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தார். இன்று நாடு முழுவதும் புலியையும் யானையையும் ஆராய்கிறவர்களில் எத்தனையோ பேர் அவரிடம் படித்தவர்கள். அந்த இருபது ஆண்டுச் சம்பளம் இல்லாமல் இது நடந்திருக்குமா?

அப்படியானால் ஆர்வத்தை மட்டும் கேட்கும் வாசலில் யார் நுழைகிறார்கள்? படித்து முடித்த கையோடு ஆறு மாதம், ஓராண்டு என்று சம்பளமில்லாமலோ, சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் போதுகிற உதவித்தொகையிலோ இன்டர்ன்ஷிப் செய்ய முடிந்தவர்கள். சில இடங்களில் தன்னார்வலராகச் சேர்வதற்கு நாமே பணம் கட்ட வேண்டும். அந்த அனுபவம் இருந்தால்தான் அடுத்த வேலைக்கு விண்ணப்பமே போட முடியும். பெங்களூரிலோ சென்னையிலோ வீடு இருந்து, அப்பா மாதாமாதம் பணம் அனுப்பினால் இந்தப் படியில் ஏறிவிடலாம். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிரியல் முதுகலை முடித்த, கல்விக் கடன் தவணை கட்டவேண்டிய விவசாயி வீட்டுப் பெண்ணால் ஏற முடியாது. ஆர்வத்தில் அவள் யாருக்கும் குறைந்தவள் இல்லை. ஓராண்டு சும்மா வேலை செய்யும் வசதி அவளுக்கு இல்லை, அவ்வளவுதான். அந்த வசதியைத்தான் நேர்காணலில் ஆர்வம் என்று மதிப்பெண் போடுகிறார்கள். "காட்டுக்குள்ள சுத்தப் போனா சோத்துக்கு என்ன பண்ணுவ?" என்று கேட்கும் அம்மாவைப் பிற்போக்கு என்று கேலி செய்கிறோம். மேடையில் பேசியவரைவிட அந்த அம்மா நேர்மையானவர்.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பு வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறவர்கள் ஏற்கெனவே காட்டில்தான் இருக்கிறார்கள். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் ஆனைமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும் விடியும் முன்பே ரோந்து கிளம்புகிற வேட்டைத் தடுப்புக் காவலர்களில் ஏராளமானோர் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், காடர், மலசர், காணி. பலருக்கும் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியம்தான். நிரந்தரம் கேட்டு மனு கொடுப்பதும், வெளி முகமை வழியாகத்தான் இனி வேலை என்ற பேச்சு வந்தால் பதறிப்போவதும் அவர்கள் வாழ்க்கையின் பகுதி. ஆராய்ச்சி மாணவர் காட்டுக்குள் வந்தால் முன்னால் நடப்பவர் இந்தக் காவலர்களில் ஒருவர்தான். கரடி நகம் கீறிய மரத்தைக் காட்டுபவர், யானை எந்தப் பக்கம் திரும்பியது என்று ஒடிந்த கிளையைப் பார்த்துச் சொல்பவர், மாணவர் உயிரோடு முகாம் திரும்பக் காரணமானவர் எல்லாம் அவரே. ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் இருக்கும், இருந்தால். இது தேர் இழுப்பது மாதிரி. வடம் பிடிக்க ஆயிரம் கை வரும், படமும் எடுப்பார்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. கால் போனால் அவருக்குத்தான் போகும்.

"பணத்துக்காக வராதீர்கள்" என்ற அறிவுரையை இந்தக் காவலரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் வேறு எதற்காக வர வேண்டும்? காட்டின் மேல் அன்பு இருப்பதை நிரூபிக்க அவர் எங்கும் போக வேண்டியதில்லை, பிறந்ததே அங்கேதான். ஆனால் துறையின் பெருமைப் பேச்சில் சம்பளம் என்பதே அழுக்கான விஷயமாகிவிட்டதால், அவர் கூலி கேட்கும்போது அது தொழிலாளர் பிரச்சினை என்று தனிப் பெட்டியில் போடப்படுகிறது. காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றிய கருத்தரங்கில் அது விவாதத்துக்கு வராது. 2023 மார்ச்சில் 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதன் பிறகு தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களின் பாகன்களுக்கும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளுக்கும், மொத்தம் 91 பேருக்கு, ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாயை அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அந்தப் படத்தில் வந்த பெள்ளி தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியாக நியமிக்கப்பட்டார். தாயைப் பிரிந்த யானைக்குட்டிகளை வளர்த்ததை உலகமே பார்த்த பிறகுதான் அவருக்கு ஒரு பணியிடம் வந்தது. ஆஸ்கர் வராத முகாம்களில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

வேறு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறோம், அதுவும் சென்னைக்குப் பக்கத்திலேயே. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. பாம்புத்தோல் வணிகம் அடுத்த சில ஆண்டுகளில் சட்டப்படி நின்றபோது செங்கல்பட்டு வட்டார இருளர்களுக்குப் பிழைப்பு போனது. சட்டத்தைப் பொறுத்தவரை அவர்கள் குற்றவாளிகளாக மாற வேண்டியவர்கள். 1978-ல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் முன்முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடிக்கிறார்கள். சில வாரம் வைத்து விஷம் எடுத்து மறுபடி காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. பாம்பு கொண்டுவந்தால் காசு. யாரும் யாரையும் பாம்பை நேசிக்கச் சொல்லவில்லை. பாம்பு பிழைத்தது, மனிதரும் பிழைத்தார்கள், மருந்தும் கிடைத்தது. கூலியிலிருந்து தொடங்கியதால்தான் இது அரை நூற்றாண்டை நெருங்குகிறது என்பது என் எண்ணம்.

அந்தச் சங்கத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பர்மிய மலைப்பாம்புகள் பெருகி உள்ளூர்ப் பாலூட்டிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. வலையும் பொறியும் போட்டி அறிவிப்பும் பெரிதாகப் பலன் தராத இடத்தில், இருவரும் முதல் எட்டு நாளில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அந்த மாநிலக் காட்டுயிர் ஆணையம் அவர்களை நிபுணர்களாக ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்து வரவழைத்திருந்தது. இங்கே 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் இந்த அறிவு உள்ள ஒருவர் பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை என்றால், நம் வனத்துறையின் எந்த நிபுணர் பதவிக்கு விண்ணப்பிக்க முடியும்? விருது கொடுக்க இடம் இருக்கிறது, பணியிடம் உருவாக்க இடம் இல்லை.

இனி ஆர்வத்தின் இன்னொரு பொய்க்கு வருகிறேன். காட்டைப் பாதுகாப்பது என்றால் காட்டில் இருப்பது என்று அது நம்ப வைக்கிறது. 1990-களில் தொடங்கி நம் துணைக்கண்டத்தில் பாறுக் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. காரணம் கண்டுபிடித்தது யார்? லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும். பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துச் சிறுநீரகத்தைச் சோதித்து, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்துதான் எமன் என்று 2004-ல் வெளியிட்டார்கள். 2006-ல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015-ல் ஊசி மருந்தை 3 மில்லி அளவில் ஒற்றை வேளைக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் கால்நடைகளுக்குத் தடையாயின. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளின் உயிர், ஈரோட்டிலோ ஊட்டியிலோ மருந்துக் கடைக்குள் நுழைந்து இருப்பைச் சரிபார்க்கும் மருந்து ஆய்வாளர் கையிலும் இருக்கிறது. அவர் பாறுவை நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை. வேலையை ஒழுங்காகப் பார்த்தால் போதும்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். சாயக்கழிவால் நொய்யல் செத்து, ஒரத்துப்பாளையம் அணையே சாயத் தொட்டியானது. 2011 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மறுபடி திறந்தன. அன்றிலிருந்து அங்கே ஆற்றுக்கும் நஞ்சுக்கும் நடுவே நிற்பவை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். சவ்வூடு பரவல் எந்திரம், ஆவியாக்கி, உப்புப் பிரிப்பு என்று மூன்று ஷிப்டாக அவற்றை ஓட்டுகிற ரசாயனப் பட்டதாரியும் டிப்ளமோக்காரரும் எந்தச் சூழலியல் விழாவுக்கும் அழைக்கப்படுவதில்லை. அந்த இளைஞர்கள் நல்ல சம்பளத்தில் பத்தாண்டு அங்கே நிலைத்தால் ஆற்றுக்கு நல்லது. குறைந்த சம்பளத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் நள்ளிரவில் வால்வு திறக்கும். நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் ஒரு சாயப்பட்டறைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பணம் வந்தால் நேர்மை போய்விடும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைக் காட்டுவார்கள். பணம் வாங்கிக்கொண்டு, புலி நடமாடும் மலையில் முயலும் கீரியும் மட்டும் இருப்பதாக எழுதும் ஆலோசகர்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் 2006 அறிவிக்கையின் ஏற்பாட்டைப் பாருங்கள். சுரங்கம் தோண்டப் போகிறவரே ஆலோசகரைத் தேர்ந்து, அவரே கட்டணம் கொடுக்கிறார். தேர்வு எழுதுகிறவரே திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுத்தால் எந்தத் துறையிலும் இதுதான் நடக்கும். கட்டணத்தைப் பொது நிதியில் வாங்கிப் போட்டு, ஆலோசகரை வேறொருவர் நியமித்தால் பாதி நோய் தீரும். ஊதியமே இல்லாத ஆர்வலர் இதைச் சரிசெய்ய மாட்டார். முந்நூறு பக்க அறிக்கையின் புள்ளிவிவர ஓட்டையைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. பசுமைத் தீர்ப்பாயத்தில் அந்த ஓட்டையைக் காட்டி வாதாட வழக்கறிஞர் வேண்டும், அவருக்கும் வாடகை உண்டு.

துறையில் பணமே இல்லையே என்ன செய்வது என்று கைவிரிப்பார்கள். ஆனால் காடழிப்புக்கு ஈடாக வசூலித்த நிதியில் 47,000 கோடி ரூபாய்க்கும் மேல் 2019 ஆகஸ்டில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதில் கன்று நடலாம், வேலி போடலாம். வனத்துறையின் நிரந்தர ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க விதி இடம் தரவில்லை. கன்றுக்குப் பணம் உண்டு, கன்றைக் காக்கிற கைக்கு நிரந்தரம் இல்லை. பணம் எங்கே போகிறது என்று தீர்மானிப்பது ஒரு கொள்கை. அதை ஆர்வப் பேச்சு மூடி மறைக்கிறது.

இந்தப் பக்கம் வர நினைக்கும் மாணவர்களுக்கு மேடையில் கிடைக்காத சில தகவல்கள். இந்திய வனப்பணிக்கு 2025 வரையிலான சில ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் நூற்றைம்பது இடம்தான் இருந்தது. அதற்கும் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் ஒன்றைப் படித்திருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். பி.காம். முடித்துவிட்டுக் காட்டைக் காதலித்தால் அந்தக் கதவு திறக்காது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் ஆனைகட்டி சாலிம் அலி மையமும் நம் ஊரிலேயே இருக்கின்றன. காட்டுயிர் முதுகலை படிக்க டேராடூனுக்கும் பெங்களூருக்கும் நுழைவுத் தேர்வு எழுதலாம். அதைவிட முக்கியம், புள்ளியியலும் வரைபட மென்பொருளும் கற்றுக்கொள்வது. புலியைப் பார்த்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், பார்த்ததை ஒழுங்காக எண்ணத் தெரிந்தவர்கள் குறைவு. கேமராவுக்கு இரண்டு லட்சம் போடுமுன் இதை யோசியுங்கள்.

நன்கொடையாளர்கள் விலங்குக்குத்தான் பணம் தருவார்கள், சம்பளத்துக்குத் தர மாட்டார்கள் என்று அமைப்புகள் சொல்லும். வால்பாறையைக் காட்டி அவர்களுக்குப் புரிய வைக்கலாமே. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடக்கும் அந்த மலையில், யானையால் இறந்த தொழிலாளர்களில் பெரும்பாலானோர் அது பக்கத்தில் நிற்பது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள்தான். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2011 முதல் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும், கைபேசி அழைப்பில் எரியும் சிவப்பு விளக்காகவும் யானை இருக்கும் இடத்தை ஊருக்குச் சொல்லத் தொடங்கியது. சாவு குறைந்தது. பேருந்தில் ஏறும் பெண் செய்தியைப் பார்த்து இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்குகிறார். அந்தச் செய்தி போக வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் கூட்டத்தைப் பின்தொடர்ந்து போய் அது எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தீபாவளி அன்றும். அங்கே விலங்குக்குச் செலவிடும் பணம் என்பதே அந்த ஆளின் சம்பளம்தான். காட்டுயிர் அமைப்பு எதுவாவது உங்களிடம் நன்கொடை கேட்டு வந்தால், தடம் பார்ப்பவருக்கு வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறீர்களா, பாம்பு கடித்தால் மருத்துவச் செலவு யாருடையது, கடந்த ஐந்தாண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். பதிலைப் பார்த்துவிட்டுக் காசோலையை எழுதலாம்.